கடுகளவு சிலந்திக்கு கையளவு படமா?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

போன ஞாயித்துக்கெழம பேப்பர்ல உள்பக்கத்துல, மலைநாட்டுக் காட்டுல புதுசா ஒரு சின்ன சிலந்தி இனம் கண்டுபிடிச்சிருக்காங்கன்னு ஒரு செய்தி போட்டிருந்தீங்க. மலையகம்னாலே சம்பளப் பிரச்சன, குளவிக்கொட்டு, மண்சரிவு இது மூணயும் விட்டா வேற ஒன்னும் பேப்பருக்கு வராதுன்னு நெனச்சிக்கிட்டிருந்த எங்களுக்கு அத பாத்ததும் சந்தோஷந்தான். ஆனா செய்திக்கு மேல ஒரு போட்டோ போட்டீங்க பாருங்க, உள்ளங்கைய முழுசா மறைச்சிக்கிட்டு ரோமம் ரோமமா ஒரு ராட்சசி, இன்டர்நெட்ல சிலந்தின்னு அடிச்சா மொதல்ல வர்ற படம்னு நெனைக்கிறேன், செய்தில மிகச் சிறியதுன்னு எழுதியிருக்கு, படத்துல கை நெறைய ஒன்னு உக்காந்திருக்கு. அதோட கடைசி வரில இதோட விஷம் பத்தி இன்னும் தகவல் வரலன்னு ஒரு பிட்ட வேற போட்டு விட்டீங்க.

ஐயா, நான் மஸ்கெலியா பக்கம் த்ரீவீல் ஓட்டுறவன். அன்னைக்கு காலையிலயே எங்க ஸ்டேண்ட்ல அந்தப் பக்கம் கை மாறி கை மாறி போயிடுச்சு, மத்தியானத்துக்குள்ள யாரோ போட்டோவ மட்டும் வெட்டி வட்ஸ்அப்ல போட்டு நம்ம காட்டுல விஷச்சிலந்தி, பிள்ளைங்கள வெளிய விடாதீங்கன்னு எழுதியாச்சு, மறுநாள் பெரட்டுல, அதான் காலையில வேலைக்கு ஆள் பிரிக்கிற எடத்துல, ரெண்டு மூணு அக்காமாரு காட்டோர மலைக்கு கொழுந்தெடுக்க போகமாட்டோம்னு கங்காணிகிட்ட மல்லுக்கு நின்னாங்களாம். குளவிக்கு பயந்தா அதுல நியாயம் இருக்கு, ஆளு செத்திருக்கு. கடுகளவு கூட தேறாத ஒரு சிலந்திக்கு பயந்து ஒரு நாள் பேரு, அதான் ஒரு நாள் சம்பளம், போனா அந்தக் கணக்கு யாரு தலையில வைக்கிறது?

மொதல்ல நீங்க போட்ட படத்த பத்தி சொல்லிடுறேன். அது பெரிய மரத்துப் பொந்துல இருக்குற ஜாதி, சிங்களத்துல திவி மகுளுவான்னு சொல்லுவாங்க. அதுலயும் நம்ம இலங்கையில புது இனம் கெடச்சிருக்கு, 2012ல விவரம் வெளியிட்டாங்க, வடக்குல மாங்குளம் பக்கம் கெடச்சது, காலெல்லாம் விரிச்சா எட்டு இஞ்சி வரும். அந்த ஜாதி முழுசையும் 2019ல இருந்து வெளிநாட்டு வியாபாரத்துக்கு அனுமதி வேணும்ங்கற சர்வதேசப் பட்டியல்ல சேத்திருக்காங்க, ஏன்னா அத புடிச்சு பெட்டில வளக்குறதுக்கு விக்கிற கூட்டம் ஒன்னு உலகம் பூரா இருக்கு. அது வேற கதை, வேற குடும்பம், இந்தச் சின்னதுக்கும் அதுக்கும் எட்டுக் காலு இருக்குங்கறத தாண்டி பெருசா ஒறவு ஒன்னும் கெடையாது.

த்ரீவீல்காரனுக்கு சிலந்தி எப்படி தெரியும்னு கேப்பீங்க. கெம்பஸ் பிள்ளைங்க சில பேரு அனுமதிக் கடிதம் எல்லாம் எடுத்துக்கிட்டு எங்க பக்கம் தோட்டத்துக்கு மேல இருக்குற ஓடைக்காட்டுல பூச்சி பாக்க வந்தாங்க, அவங்கள ஏத்தி எறக்கினது நாந்தான், பெக் தூக்க ஆளில்லன்னு கூடவே காட்டுக்குள்ளயும் போனேன். காட்டுக்குள்ள போய் மரத்துமேல தேடுவாங்கன்னு பாத்தா எல்லாரும் குனிஞ்சு தரையில கெடக்குற இலைக்குப்பைய அள்ளுறாங்க. ஒரு துணிப்பையி, அதுக்குள்ள கம்பிவலை வச்சு தச்சிருக்கு, ஈர இலைய அதுல போட்டு ஒலுக்கு ஒலுக்குன்னு ஒலுக்குவாங்க, பெரிய இலையெல்லாம் மேல நிக்க பொடி மட்டும் கீழ எறங்கும், அந்தப் பொடிய வெள்ளத் தட்டுல கொட்டிட்டு அப்படியே உக்காந்துருவாங்க. சும்மா மண்ணும் வேரும்தான் இருக்குன்னு நமக்கு தோணும். கொஞ்ச நேரத்துல அந்த மண்ணுல ஒரு புள்ளி ஓடும், செம்மஞ்சள் நெறம், ஓடும், நிக்கும், மறுபடி ஓடும். அவ்வளவுதான், அதுதான் சிலந்தி. வெரலால எடுத்தா நசுங்கிப் போகும், அதுக்குன்னு ஒரு குட்டிப் போத்தல்ல ரெண்டு டியூப் சொருகி வச்சிருப்பாங்க, ஒன்ன வாயில வச்சு உறிஞ்சினா மத்த டியூப் வழியா சிலந்தி போத்தலுக்குள்ள விழும், வாய்க்குப் போற டியூப்ல வலைத்துணி கட்டியிருக்குறதால தொண்டைக்குள்ள போகாது (நான் மொதல்ல அததான் கேட்டேன்). அப்புறம் ஸ்பிரிட் ஊத்தின போத்தல்ல போட்டு ஒரு துண்டு பேப்பர்ல எடம், உயரம், திகதி, எடுத்தவர் பேரு எல்லாம் பென்சில்ல எழுதி அந்தப் பேப்பரையும் ஸ்பிரிட்டுக்குள்ளயே போட்டுருவாங்க. பேனால எழுதினா மை கரைஞ்சு போகும், எந்த மலையில எடுத்ததுன்னு தெரியாத சிலந்திக்கு மதிப்பே இல்லண்ணேன்னு அந்தத் தங்கச்சி சொன்னிச்சு.

சாயந்தரம் அவங்க தங்கியிருந்த எடத்துல மைக்ரோஸ்கோப்ல எனக்கும் காட்டினாங்க. அதுல இருந்துதான் எனக்கு இந்தப் பைத்தியம் புடிச்சிச்சு. வெறுங்கண்ணுக்கு ஒரு புள்ளி, கண்ணாடிக்கு கீழ அது வேற ஆளு. ஒடம்புல கேடயம் வச்ச மாதிரி கெட்டியான தகடு, வயித்துக்கு மேலயும் கீழயும். மத்த சிலந்திங்க வயிறு மெத்துமெத்துன்னு இருக்கும்ல, இதுக்கு அப்படி இல்ல. கண்ணு சிலந்திக்கு பொதுவா எட்டு, இதுக்கு ஆறு, ஆறும் முன்னால ஒரே எடத்துல குமிஞ்சு இருக்கு. உங்க செய்தில வந்ததும் இதே குடும்பந்தான், இந்தக் குடும்பத்துக்கு ஓனோபிடேன்னு பேரு, இங்கிலீஷ்ல கொப்ளின் சிலந்தின்னு சொல்றாங்க, நம்ம ஊரு பாஷைல குட்டிப் பூதச் சிலந்தி. நீளம் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர்ல இருந்து மூணு மில்லிமீட்டர் வரைக்கும்தான். எர புடிக்க வலை கட்டாது, இலைக்குப்பைக்குள்ள நடந்து போய் அதவிடப் பொடியான துள்ளுப்பூச்சி மாதிரி ஏதாவது ஒன்ன புடிச்சு திங்கும்.

இப்ப நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வர்றேன் ஐயா. உங்க செய்தில கண்டுபிடிச்சாங்கன்னு மட்டும்தான் இருக்கு, அது எப்படி இருக்கும், எதுல வித்தியாசம், எப்படி புதுசுன்னு முடிவு பண்ணாங்க, இதுல ஒரு வரி கூட இல்ல. காட்டுல புடிச்சா அது கண்டுபிடிப்பு ஆகாது. அந்தத் தட்டுல ஓடின புள்ளிய யாரு வேணும்னாலும் பாத்திருக்கலாம், வெறகு பொறுக்கப் போற நம்ம அம்மாமாரு காலுக்கு கீழ ஆயிரக்கணக்குல ஓடியிருக்கும். அத எடுத்து எழுத்துல விவரிச்சு, படம் வரைஞ்சு, இதுவரைக்கும் பேரு வச்ச சொந்தக்காரன் எல்லார்கூடவும் ஒப்பிட்டு, இது அவங்க யாருமே இல்லன்னு காட்டி அச்சுல போட்டாத்தான் அது ஒரு இனம். அந்த விவரிப்புதான் மொத்த வேலையும். புடிக்கிறதுக்கு ஒரு நாள் போதும், விவரிக்க வருஷக்கணக்குல ஆகும்.

அது எப்படி செய்றாங்கன்னு நான் கேட்டு தெரிஞ்சுக்கிட்டத சொல்றேன், உங்க வாசகர்களுக்கு புரியாதுன்னு நெனைக்காதீங்க, தேயிலையில ரெண்டு இலையும் மொட்டும் பாத்து ஒடிக்கிறவங்களுக்கு நுணுக்கம் புதுசில்ல. மொதல்ல வளர்ந்த சிலந்தி வேணும், குஞ்ச வச்சு ஒன்னும் சொல்ல முடியாது. அதுலயும் ஆம்பளச் சிலந்தி இருந்தா நல்லது. வாய்க்கு ரெண்டு பக்கமும் குட்டிக் கை ரெண்டு இருக்கும், ஆணுக்கு அதோட நுனி வீங்கி, அதுல இருந்து முள்ளு, கொக்கி, ஊசின்னு என்னென்னமோ நீட்டிக்கிட்டிருக்கும், விந்த அதுல ஏத்தி வச்சுத்தான் பெண்ணுக்கு குடுக்கும். பாக்க ஒரே மாதிரி இருக்குற ரெண்டு சிலந்திய எடுத்தா கூட இந்த நுனியோட வடிவம் இனத்துக்கு இனம் மாறும், பெண்ணுக்கு அடிவயித்துல இருக்குற தொறப்பும் அப்படித்தான். சிலந்தி ஆராய்ச்சிக் கட்டுரைல பாதிப் படம் அதுதான், பேப்பர்ல எழுத கூச்சப்பட வேணாம், வெளித் தோற்றத்துல வேற எதையும் வச்சு உறுதியா சொல்றது கஷ்டம். மூணு மில்லிமீட்டர் சிலந்தியோட அந்த நுனி எத்தனை பெருசு இருக்கும்னு யோசிங்க, அதுக்கு சாதா மைக்ரோஸ்கோப் பத்தாது, எலக்ட்ரோன் மைக்ரோஸ்கோப்ல வச்சு படம் எடுக்கணும். அப்புறம் ஒவ்வொரு காலையும் துண்டு துண்டா அளப்பாங்க, தலைப்பகுதி நீளம் அகலம், கண்ணுக்கும் கண்ணுக்கும் நடுவுல எடவெளி, எல்லாம். கடைசில ஒரே ஒரு சிலந்திய இதுதான் இந்த இனத்துக்கு அத்தாட்சின்னு குறிச்சு மியூசியத்துல வச்சிருவாங்க, பின்னால எவனுக்கு சந்தேகம் வந்தாலும் அந்த ஒன்னத்தான் எடுத்துப் பாக்கணும்.

இதுல ஒரு வயித்தெரிச்சல் இருக்கு. எயுஜென் சிமோன்னு ஒரு பிரான்ஸ்காரர் 1892 ஜனவரி பெப்ரவரில நம்ம நாட்டுக்கு வந்து சிலந்தி சேத்துக்கிட்டு போயி நெறைய இனத்துக்கு பேரு வச்சாரு, அவரு சேத்ததெல்லாம் பாரிஸ் மியூசியத்துல இருக்கு, கிட்டத்தட்ட அதே காலத்துல கார்ஷ்ங்கற ஜெர்மன்காரர் விவரிச்சது பெர்லின்ல. ஆக இன்னைக்கு கண்டில இருக்குற ஒரு பிள்ள நம்ம மலையில எடுத்த சிலந்தி புதுசா பழசான்னு பாக்கணும்னா நூத்தி முப்பது வருஷம் முந்தி இங்க இருந்தே போன சிலந்திய பாரிஸ்ல கேட்டு வாங்கணும், இல்லன்னா அங்க போகணும். தேயிலைதான் கப்பல் ஏறிச்சுன்னு நெனச்சா சிலந்தியும் ஏறியிருக்கு!

சரி, அதுக்காக இங்க ஒன்னும் நடக்கலன்னு இல்ல. கண்டி ஹந்தானையில இருக்குற தேசிய அடிப்படைக் கற்கைகள் நிறுவகத்துல இருந்து ரணசிங்கவும் பெஞ்சமினும் 2018ல ஒரே கட்டுரைல இந்தக் குட்டிப் பூதச் சிலந்தியில ஒன்பது புது இனத்த விவரிச்சாங்க, ஒன்பதும் நம்ம நாட்டுது. அதுல ஆறுக்கு இங்கிலீஷ் சிறுவர் கதைல வர்ற குட்டிப் பூதங்களோட பேரு, சிப்பி, ஸ்னூக்கி, டம்பி, டிக்கி, ஸ்னிப்பி, பொம். எனக்கு சிரிப்புதான் வந்திச்சு, எங்க வீட்டு பூனைக்குட்டிக்கு வைக்கிற பேரு. நம்ம ஊரு முனியாண்டிய சேத்திருக்கலாம், சரி வுடுங்க, விவரிச்சவங்களுக்குத்தான் பேரு வைக்கிற உரிமை. எடத்தோட பேர வச்சதும் இருக்கு, 2004ல விவரிச்ச ஒரு குட்டிப் பாயும் சிலந்திக்கு ஹோட்டன் சமவெளிய வச்சு ஹோட்டன்னே பேரு.

மொத்த உலகத்துலயும் பேரு வச்ச சிலந்தி 2022 ஏப்ரல்ல 50,000 ஆச்சு, சுவிற்சர்லாந்துல பேர்ன் மியூசியத்துல இருக்குறவங்க இந்தக் கணக்க வச்சிருக்காங்க, பேரு வைக்காதது இன்னும் அதே அளவு இருக்கலாம்னு அவங்களே சொன்னாங்க. நம்ம நாட்டுல 500க்கு மேல. பெருசெல்லாம் முன்னாடியே கண்ணுல பட்டு பேரு வாங்கிருச்சு, இனிமே வரப்போறது அதிகமா இந்த மாதிரி பொடிசுங்கதான். அதனாலதான் சொல்றேன், இந்தச் செய்தி உங்களுக்கு மறுபடி மறுபடி வரும், ஒவ்வொரு தடவையும் அந்த ராட்சசி படத்த போட்டா சனம் என்ன நெனைக்கும்?

விஷத்துக்கு வருவோம். எர புடிக்கிற சிலந்தி கிட்டத்தட்ட எல்லாத்துக்கும் விஷம் இருக்கு, அது துள்ளுப்பூச்சிக்கு. இந்தப் பொடிசோட பல்லு நம்ம தோல்ல எறங்கவே எறங்காது, தேயிலை மலையில வேல செஞ்சு காப்பு காச்சுப் போன கையில சத்தியமா எறங்காது. எங்க பக்கம் இன்னொரு பேச்சும் உண்டு, சிலந்தி மூத்திரம் பட்டு கொப்புளம் போட்டிருச்சுன்னு. செவப்பும் கறுப்புமா நீட்டா ஒரு குட்டி வண்டு இருக்கு, லைட் வெளிச்சத்துக்கு வரும், அது கழுத்துல உக்காந்து நாம தூக்கத்துல நசுக்கிட்டா அதோட தண்ணி பட்டு கோடு போட்ட மாதிரி வெந்து போகும். சிலந்தி தலையில கட்டுற பழில நெறைய அந்த வண்டு செஞ்சதுதான். இதயெல்லாம் ஒரு தோல் டொக்டர்கிட்ட கேட்டு நீங்க நாலு வரி போட்டிருந்தா எவ்வளவு பிரயோசனம்.

அப்புறம் இது எங்க இருக்குங்கறது. மலைநாட்டுக் காடுன்னு எழுதிட்டு விட்டுட்டீங்க, வாசிக்கிறவங்களுக்கு ஹோட்டன் சமவெளி, நக்கிள்ஸ், சிவனொளிபாதமலைக் காடுன்னுதான் நெனப்பு போகும், 2010ல யுனெஸ்கோ உலக மரபுன்னு சொன்னது இந்த மூணத்தான், அதுக்கு காவல் இருக்கு, போர்டு இருக்கு. ஆனா இந்த மாதிரி பொடிசுங்க தோட்டத்துக்கு நடுவுல ஓடை ஓரமா, பாறை இடுக்குல, கோப்பி போட்டு அப்புறம் தேயிலை போட்டு எல்லாத்தையும் வெட்டினப்போ சரிவு கூடி வெட்ட முடியாம விட்ட துண்டுக் காட்டுலயும் இருக்கும். இதுங்களால தூரம் போக முடியாது, சில சிலந்திக் குஞ்சு நூல் விட்டு காத்துல பறந்து போகும், இது இலைக்குப்பையோட கெடக்குற ஜாதி, முட்டையும் ஒரு சிலதுதான் வைக்கும், அதனால ஒரு மலையில இருக்குறது அடுத்த மலையில இல்லாம போகலாம். அந்தத் துண்டுக் காட்டுல இலைக்குப்பைய கூட்டி நெருப்பு வச்சா ஒரு மத்தியானத்துல சோலி முடிஞ்சிது.

யாரு செய்றாங்கன்னு கேட்டா எல்லாரும்தான். தோட்டத்துல கான் (தண்ணி வடியிற வாய்க்கால்) ஓரம் சுத்தம் பண்றேன்னு காட்டு விளிம்பு வரைக்கும் மருந்தடிக்கிறாங்க, மரக்கறித் தோட்டம் போடுறவங்க கொஞ்சம் கொஞ்சமா உள்ள தள்ளுறாங்க, 2022ல காஸ் இல்லாம நாடே கியூல நின்னப்போ நம்ம சனம் வெறகுக்கு அந்தக் காட்டுக்குத்தான் போச்சு, அடுப்பு எரியணும்ல, அத நான் குத்தம்னு சொல்ல மாட்டேன். ஆனா வெறகு எடுக்குறதுக்கும் இலைக்குப்பைய கொளுத்துறதுக்கும் வித்தியாசம் இருக்கு. கொளுத்தாம விட்டா ஓடைத் தண்ணிக்கும் நல்லது, பீலில வர்ற தண்ணி அங்க இருந்துதான வருது. இந்தச் சிலந்தி தேயிலைக்கு பூச்சி புடிச்சு குடுக்கும், அதனால காப்பாத்துங்கன்னு நான் கதை விட மாட்டேன், இது தேயிலைச் செடில ஏறி வேட்டையாடுற ஜாதியே கெடையாது, அந்த வேலைய செடில இருக்குற வேற சிலந்திங்க பாத்துக்கும். நமக்கு லாபம் இருந்தாத்தான் ஒரு உசுரு இருக்கணும்னா பாதி உலகத்த கூட்டித் தள்ள வேண்டியதுதான்.

இன்னொன்னு, இந்த லெட்டர படிச்சிட்டு தம்பிமாரு யாரும் போத்தல எடுத்துக்கிட்டு காட்டுக்கு போயிடாதீங்க, அனுமதி இல்லாம ஒதுக்குக் காட்டுல எதையும் புடிக்கக் கூடாது, கேஸ் ஆகும். ஃபோன்ல குளோசா ஒரு போட்டோ எடுங்க, பக்கத்துல ஒரு அடிமட்டம் வைங்க, எடமும் திகதியும் குறிச்சு வைங்க, அது போதும், படிச்சவங்க யாராவது வந்தா காட்டலாம்.

ஆசிரியர் ஐயாகிட்ட கேக்குறது இவ்வளவுதான். அதே பக்கத்துல அதே அளவுல ஒரு திருத்தம் போடுங்க, படம் தப்பு, அந்தச் சிலந்தி கடுகளவு, ஆளுக்கு ஒரு கெடுதியும் இல்லன்னு, மூலைல பொடி எழுத்துல போட்டா ஸ்டேண்ட்ல எவனும் படிக்க மாட்டான். அடுத்த தடவ இந்த மாதிரி செய்தி வந்தா விவரிச்சவங்கள ஃபோன்ல கூப்பிட்டு அவங்ககிட்டயே படத்த வாங்குங்க, சந்தோஷமா குடுப்பாங்க, அவங்க படத்துல மூலைல ஒரு சின்னக் கோடு போட்டு அது எத்தன மில்லிமீட்டர்னு எழுதியிருக்கும், அந்தக் கோட்ட வெட்டாம போடுங்க.

இப்படிக்கு,
த்ரீவீல் ஓட்டுனர் ஒருவர்,
மஸ்கெலியா.

(பேரு போட வேணாம் ஐயா, ஸ்டேண்ட்ல ஏற்கனவே சிலந்தின்னுதான் கூப்பிடுறானுங்க.)